குவார்ட்டருக்கு நான்கு பேர்

எங்கள் காலத்தில் ஒரு குவார்ட்டரை நான்கு பேர் குடித்தோம். ஐம்பதைத் தாண்டிய ஆண்கள் இதைச் சொல்லும்போது குரலில் ஒரு காந்தியப் பெருமிதம் வந்துவிடுகிறது. ஏதோ தன்னடக்கத்தைப் பாடமாக எடுத்துப் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் போல. உண்மை என்னவென்றால், ஐந்தாவதாக ஒருவன் காசு போட்டிருந்தால் ஐந்து பேர் குடித்திருப்போம். நான்கு பேரிடமும் காசு இருந்திருந்தால் நான்கு குவார்ட்டர் வாங்கியிருப்போம். மாதம் பிறந்ததும் வரும் மணியார்டரும், அதை மெஸ் பில்லுக்கென்று பிடித்துக்கொள்ளும் விடுதி அலுவலகமும் சேர்ந்துதான் எங்களை ஒழுக்கசீலர்களாக வைத்திருந்தன.

தொண்ணூறுகளின் தொடக்கம். திருச்சிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி. ஒயின் ஷாப் எல்லாம் அப்போது ஏலத்தில் எடுத்த தனியார் கடைகள். எங்கள் ஊர்க் கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மூக்கைப் பொத்திக்கொண்டு போக வேண்டிய ஒரு சந்தின் கோடியில் இருந்தது. காலேஜ் பையன் என்று தெரியக் கூடாதென்று கைலி கட்டி, தலையில் துண்டு போட்டுக்கொண்டு போவோம். கைலி சரி, துண்டு சரி. சோடாபுட்டிக் கண்ணாடியையும் சட்டைப் பையில் இருக்கிற ரெனால்ட்ஸ் பேனாவையும் என்ன செய்வது? கல்லாவில் இருப்பவர் “என்ன இன்ஜினியரு, எக்ஸாம் முடிஞ்சிருச்சா?” என்று விசாரித்தபடியேதான் பாட்டிலைத் தினத்தந்தியில் சுருட்டிக் கொடுப்பார்.

கச்சேரி, விடுதிக்குப் பின்னால் இருந்த பம்ப்செட் மேடையில். மெஸ்ஸில் இருந்து கிளம்பி வந்த எவர்சில்வர் டம்ளர்கள் நான்கு, கெமிஸ்ட்ரி லேபில் இருந்து கிளம்பி வந்த அளவுக் குடுவை ஒன்று. கண்ணை மட்டத்துக்குக் கொண்டுபோய், திரவத்தின் அடிவளைவைப் பார்த்து, ஆளுக்கு 45 மில்லி. பிராக்டிக்கலில் இந்த நேர்த்தியைக் காட்டியிருந்தால் எல்லாருக்கும் டிஸ்டிங்ஷன் வந்திருக்கும். அதில் முக்கால் டம்ளர் கோலி சோடா கலந்தால் பிராந்தியின் நிறம்கூட மிச்சம் இருக்காது. ஆனால் போதை வரும். வந்தே ஆக வேண்டும். காசு போட்டிருக்கிறோமே. முதலில் ஒருவனுக்கு இங்கிலீஷ் வரும். அடுத்து இன்னொருவனுக்கு, கம்ப்யூட்டர் சயின்ஸில் இருந்த, இவன் பெயர்கூடத் தெரியாத ஒரு பெண்ணை நினைத்து அழுகை வரும். மூன்றாமவன் தன் அப்பாவை மன்னிப்பான். நான்காமவன் இந்த மூவரையும் தாங்கிப் பிடித்து நடத்திக் கூட்டிவர வேண்டும் என்பதால் அவனுக்கு மட்டும் போதை வராது. திரும்பும் வழியில் ஆளுக்கு ஒரு கைப்பிடி கொய்யா இலையை மென்று துப்புவோம். சாராய வாடையைக் கொய்யா இலை எடுத்துவிடும் என்று சீனியர்கள் சொல்லியிருந்தார்கள். எடுக்காது. எங்கள் வார்டனுக்கு, யார் குடித்திருக்கிறான் என்று கொய்யா இலை வாடையை வைத்துத்தான் தெரியும்.

இவ்வளவும் சாதா நாள் கணக்கு. இதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வதுதான் எங்கள் தலைமுறையின் சாமர்த்தியம். ஹாஸ்டல் டே என்று ஒன்று உண்டு. இறுதியாண்டு வழியனுப்பு விழா என்று ஒன்று உண்டு. அன்றைக்கு வசூல் நடக்கும், ஃபுல் வரும், அளவுக் குடுவை லேபிலேயே இருக்கும். பத்து மணிக்கு வார்டன் ரவுண்ட்ஸ். எட்டரை மணிக்குத்தான் விழா முடியும். இடையில் இருக்கிற ஒன்றரை மணி நேரத்தில் பாட்டில் காலியாகி, உடைந்து, கிணற்றுக்குள் போயிருக்க வேண்டும். பாதியில் மூடி வைத்து நாளைக்குக் குடிக்கலாம் என்றால் வைக்க இடம் கிடையாது. பிடிபட்டால் டிசி. அதனால் மிச்சம் வைக்காமல் குடித்தோம். காலி வயிற்றில், தண்ணீர்கூடப் பார்க்காமல், ராவாக.

அப்படி ஒரு ஹாஸ்டல் டேயில் பிறந்ததுதான் எங்கள் செட்டின் தலைசிறந்த நகைச்சுவைக் காவியம். கரூர்க்காரன் ஒருவன் மட்டையாகிவிட்டான். கூப்பிட்டால் பேச்சு இல்லை, கன்னத்தில் தட்டினால் அசைவு இல்லை. ரவுண்ட்ஸுக்கு இன்னும் கால் மணி நேரம். பையன்கள் கூடி முடிவெடுத்தார்கள். அவனை அறையில் போட்டு, விளக்கை அணைத்து, வெளிப்பக்கம் பூட்டுப் போட்டுவிட்டு, ‘ஆள் ஊருக்குப் போயிருக்கிறான்’ என்று ரெஜிஸ்டரில் எழுதிவைத்து, நல்ல பிள்ளைகளாகச் சுவரேறிக் குதித்து செகண்ட் ஷோ போனார்கள். திரும்பி வந்து திறந்தால் ஆள் கட்டிலில் இல்லை. கட்டிலுக்குக் கீழே, தன் வாந்தியிலேயே முகத்தைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு, படம் வரைகிற டிராஃப்டரைக் கட்டிப்பிடித்துத் தூங்கிக்கொண்டிருந்தான். டிராஃப்டர் என்கிற இடத்தில் கைதட்டல் விழும். முப்பது வருடமாக விழுந்துகொண்டிருக்கிறது.

வெள்ளிவிழா ஆண்டுச் சந்திப்பு ஈசிஆர் ரிசார்ட் ஒன்றில் நடந்தபோதும் அந்தக் கதையைச் சொல்லச் சொன்னார்கள். சொன்னவன் கரூர்க்காரனே. அவனைவிட நன்றாக யாரும் சொல்வதில்லை. வேடிக்கை என்னவென்றால், கதாநாயகனுக்குக் கதை தெரியாது. அன்றிரவு எட்டே முக்காலுக்குப் பிறகு நடந்தது ஒன்றுமே அவனுக்கு நினைவில்லை. மற்றவர்கள் சொன்னதைக் கேட்டுக் கேட்டுத் தன் நினைவாக ஆக்கிக்கொண்டான். ரத்தத்தில் ஆல்கஹால் மளமளவென்று ஏறும்போது மூளையில் நினைவைப் பதிக்கிற ஹிப்போகேம்பஸ் வேலையை நிறுத்திவிடுகிறது. ஆள் பேசுவான், நடப்பான், சண்டைகூடப் போடுவான். எதுவும் பதியாது. மறந்துபோனது என்று சொல்வதுகூடத் தப்பு, எழுதினால்தானே அழிவதற்கு?

அந்த ரிசார்ட்டில் எங்கள் பழைய வீரர்களைப் பார்க்க வேண்டும். ஒரு காலத்தில் ஃபுல்லை அண்ணாந்து குடித்தவன் லைம் சோடாவில் உப்பா சர்க்கரையா என்று சர்வரிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தான். கல்லீரலில் கொழுப்பு, டாக்டர் கையெழுத்து வாங்காத குறையாக எச்சரித்திருக்கிறார். இன்னொருவன் சிங்கிள் மால்ட் விஸ்கியின் வயதைப் பற்றி அரை மணி நேரம் பேசிவிட்டு 30 மில்லியோடு எழுந்துவிட்டான். கார் வைத்திருந்த அத்தனை பேரும் ஆக்டிங் டிரைவர் கூட்டிவந்திருந்தார்கள். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமைத் தாண்டினால் பத்தாயிரம் ரூபாய் அபராதம் என்கிற சட்டம் இவ்வளவு படித்தவர்களையும் படிய வைத்திருக்கிறது. குரூப் போட்டோவுக்கு நின்றபோது இரண்டு பேர் இடம் காலியாக இருந்தது. ஒருவன் கல்லூரி முடித்த அடுத்த வருடம் விராலிமலை ரோட்டில் பைக்கோடு போனவன். மற்றவன் நாற்பது வயதில் கல்லீரல் போய்ப் போனவன். அவர்களைப் பற்றி யாரும் கதை எடுக்கவில்லை. டிராஃப்டர் கதைதான் மறுபடி ஒருமுறை கேட்கப்பட்டது.

ஒவ்வொரு தலைமுறையும் தனக்கு அடுத்தது கெட்டுப்போனது என்று சொல்லும் சலுகை பெற்றது. தமிழ்நாட்டில் இதற்கு அரசாணைகளே துணை நிற்கின்றன. என் தாத்தா சேலம் மாவட்டத்துக்காரர். 1937 அக்டோபர் 1-ஆம் தேதி ராஜாஜி அங்கேதான் முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்தார். அதனால் போன வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் விற்பனை வரி வந்தது. மது போனதற்காக வந்த அந்த வரி, மது திரும்பி வந்த பிறகும் போகவில்லை என்பதைத் தாத்தா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். மாமா தலைமுறையில் பர்மிட். உடம்புக்கு மது தேவைப்படுகிறது என்று டாக்டர் எழுதிக்கொடுத்தால் கிடைக்கும். எங்கள் ஊரிலேயே ஆரோக்கியமானவரான மாமா, அந்தக் காகிதத்தின்படி தீராத நோயாளி. 1971-ல் கடைகளைத் திறக்கப்போகிறார்கள் என்றதும் 92 வயது ராஜாஜி கொட்டுகிற மழையில் கருணாநிதியின் வீட்டுக்கே போய், வேண்டாம் என்று கேட்டுப் பார்த்தார். திறந்தார்கள், 1974-ல் மூடினார்கள், 1981-ல் எம்ஜிஆர் திறந்தார், 1983-ல் மொத்த விற்பனைக்கு அரசின் டாஸ்மாக் வந்தது, 2003-ல் சில்லறை விற்பனையும் அரசின் கைக்கே வந்தது. அந்த முதல் நிதியாண்டில் டாஸ்மாக் மூலம் அரசுக்குக் கிடைத்தது 3,639 கோடி. 2024-25-ல் 48,344 கோடி. மதுவிலக்குப் போராளி சசிபெருமாள் 2015-ல் செல்போன் கோபுரத்தில் போராடி உயிர்விட்டபோது, சென்னையில் கல்லூரி மாணவர்கள் டாஸ்மாக் கடையை அடித்து நொறுக்கினார்கள். மாணவர்கள் அந்தக் கடைக்குக் கூட்டமாகப் போய்ச் செய்தியில் வந்தது அந்த ஒருமுறைதான் என்று நினைக்கிறேன். மற்ற நாட்களில் போவது செய்தியாகாது.

நான் இப்போது கட்சி மாறிவிட்டேன். புதுச்சேரி எல்லைக்கு பஸ்ஸில் போய்த் திரும்பும் தூரத்தில் இருக்கிற ஒரு கல்லூரியில் பேராசிரியர். போதாக்குறைக்கு ஆண்கள் விடுதியின் துணைக் காப்பாளர். ரவுண்ட்ஸ் போகிறவன். நான் சுவரேறிக் குதித்த உயரத்துக்கு மேல் ஒரு அடி கண்ணாடிச் சில்லு பதிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டதும் நான்தான்.

இன்றைய பையன்களுக்குக் கைலி வேண்டாம், துண்டு வேண்டாம். தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவர்களுக்கு மது விற்கக் கூடாது. கடையில் பலகையும் இருக்கிறது. நான்கு வருட பி.இ.யில் முதல் மூன்று வருடம் கிட்டத்தட்ட ஒருவருக்கும் 21 ஆகியிருக்காது. அதனால் என்ன? பலகைக்கு எதிரே மாணவன் நிற்பதில்லை. அவனுக்காக மெஸ்ஸில் தட்டுக் கழுவும் அண்ணன் நிற்கிறார், அவருக்கு 45 வயது. அதுவும் வேண்டாம் என்றால் ஆல்பேட்டை செக்போஸ்ட்டைத் தாண்டினால் போதும். அந்தப் பக்கம் புதுச்சேரி, அங்கே 18 வயது ஆனாலே போதும். கன்னியக்கோயில் பக்கம் சனிக்கிழமை சாயங்காலம் போனால் எங்கள் கல்லூரியின் வருகைப் பதிவேட்டையே எடுத்துவிடலாம். வாங்கியது விடுதிக்குள் வரும் விதமும் முன்னேறியிருக்கிறது. செவன் அப் பாட்டிலில் வெள்ளை ரம், ஆப்பிள் ஜூஸ் பாட்டிலில் பிராந்தி. ஒருமுறை ஷாம்பு பாட்டிலில் வோட்கா பிடித்தோம். நுரை வந்திருந்தது. அதையும் குடிக்கத்தான் வைத்திருந்தார்கள்.

நான்கு பேருக்கு ஒரு குவார்ட்டர் என்கிற சரித்திரத்தை வகுப்பில் ஒருநாள் சொன்னேன். “ஏன் சார், காசில்லையா?” என்று உண்மையான அனுதாபத்தோடு ஒருவன் கேட்டான். இப்போது கணக்கு ஆளுக்கு ஒன்று. பிறந்தநாள் என்றால் இரண்டு. நூற்றைம்பது ரூபாய்க்குள் ஒன்று கிடைக்கிறது. ஜிபே வந்த பிறகு மணியார்டருக்குக் காத்திருக்கிற நிலைமையும் இல்லை.

இந்தக் குவார்ட்டர் என்கிற அளவை உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 180 மில்லி. லேபிளில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். அதாவது 77 மில்லி சுத்த ஆல்கஹால். எடையில் சுமார் 60 கிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரே அமர்வில் மிதமிஞ்சிய குடி என்பதற்கு வைத்திருக்கிற எல்லை எத்தனை தெரியுமா? அதே 60 கிராம். ஜெனீவாவில் கோட் சூட் போட்டுக்கொண்டு உட்கார்ந்து எந்த இடத்தில் அபாயக் கோடு போட்டார்களோ, நம் ஊரில் அந்த இடத்தில் மூடி போட்டு விற்கிறோம். சரக்கில் கிடைக்கிற மிகச் சின்ன பாட்டிலே அதுதான். கல்லீரல் மணிக்கு 7 முதல் 10 கிராம்தான் எரிக்கும், அவசரப்படுத்த முடியாது. எனவே இரவு பதினொன்றுக்கு ஒரு குவார்ட்டர் அடித்தவன் காலை ஆறு மணிக்குப் பல் தேய்க்கும்போதும் பாக்கி இருக்கக்கூடும். அந்தப் பாக்கியோடுதான் பல பேர் பைக் எடுத்து டிபன் சாப்பிடப் போகிறார்கள்.

2023-ல் மதுவிலக்குத் துறை அமைச்சர், 90 மில்லி டெட்ரா பேக் கொண்டுவர யோசிப்பதாகச் சொன்னார். பாதி வாங்கிப் பங்கு போட ஆள் தேடிக் கடை வாசலில் நிற்கிறார்களே, அந்தக் கட்டிங் ஆசாமிகளின் சிரமத்தைப் பார்த்து வந்த யோசனை. ஊரே எதிர்த்தது. ஜூஸ் டப்பா மாதிரி இருந்தால் பள்ளிக்கூடப் பையில் போகும் என்றார்கள், நியாயம்தான். ஆனால் அவ்வளவு பேர் பேசியதில் ஒருவர்கூட, குறைந்தபட்ச அளவு ஏன் 180-ஆக இருக்கிறது என்று கேட்டதாக ஞாபகம் இல்லை. திறந்த பாட்டிலை வைத்துக்கொள்ள வீட்டிலும் இடமில்லை, விடுதியிலும் இடமில்லை. திறந்தால் முடித்தாக வேண்டும். இதற்கு மேல் ஒருவனுக்கு மிதமிஞ்சிக் குடிக்கக் கற்றுத்தர வேறு ஏற்பாடு வேண்டுமா?

போன வருடம் ஒரு சனிக்கிழமை இரவு. பன்னிரண்டரை இருக்கும். என் குவார்ட்டர்ஸ் கதவைத் தட்டியவன் (அந்த வார்த்தையிலிருந்து தப்பிக்கவே முடியாது போலிருக்கிறது) இரண்டாம் வருடப் பையன். முகம் வெளுத்திருந்தது. “சார், ஒருத்தனுக்கு ஃபுட் பாய்சன்.” எந்த ரூம் என்றால் வாயைத் திறக்கவில்லை, முன்னால் நடந்தான்.

முதல் மாடிக் கோடி அறை. வெளிப்பக்கம் பூட்டு. உள்ளே ரூம் ஸ்ப்ரேயும் டெட்டாலும் வாந்தியும் கலந்த வாடை. சுவரில் கேக் கிரீம். முதலாண்டுப் பையன், அன்றைக்குப் பதினெட்டு முடிந்திருக்கிறது, மல்லாந்து கிடந்தான். பனியன் சொட்டச் சொட்ட ஈரம். போதை தெளியட்டும் என்று இரண்டு பக்கெட் தண்ணீர் ஊற்றி, ஃபேனை ஐந்தில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். வாயோரத்தில் மோர் வழிந்து காய்ந்திருந்தது. நினைவில்லாதவன் வாயில் மோர், அதற்கு மேல் எலுமிச்சம்பழம். தலைமாட்டில் ஒரு பிளாக் காபிகூட ஆறிக்கொண்டிருந்தது. இருக்கிற வைத்தியம் எல்லாவற்றையும் செய்திருக்கிறார்கள். அத்தனையும் தப்பு. உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு ஒன்று வந்தால் அடுத்தது வருமா என்று எண்ண வேண்டியிருந்தது.

ஒருக்களித்துத் திருப்பினேன். மேல்காலை மடக்கி, கையைக் கன்னத்துக்கு அடியில் கொடுத்ததும் தொண்டையில் நின்றுகொண்டிருந்தது எல்லாம் தரையில் வந்து விழுந்தது. பக்கத்து அறைப் போர்வைகளை எல்லாம் வாங்கிப் போர்த்தினோம். 108 வந்தது. அவர்கள் முதலில் விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள், தரைமட்டத்தில் இருந்தது. சாயங்காலம் முழுக்கப் பையன் எதுவும் சாப்பிடவில்லை, பார்ட்டியில் பிரியாணி வரும் என்று வயிற்றைக் காலியாக வைத்திருக்கிறான். பிரியாணி வரும் முன்பே சரக்கு வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி பார்த்த டாக்டர் சின்னப் பெண், என் மாணவர்களைவிட நான்கைந்து வயது மூத்திருப்பாள். வரிசையாக நின்ற பையன்களைப் பார்த்து வகுப்பெடுத்தாள். “படுக்கும்போது நல்லாத்தானே இருந்தான்னு சொல்றீங்க. வயித்துல இருக்கறது அவன் படுத்த பிறகும் ரத்தத்துல ஏறிக்கிட்டே இருக்கும். தூங்கினா தெளியும்னு நினைச்சீங்க, தூங்கத் தூங்கத்தான் இவனுக்கு ஏறியிருக்கு. வாந்தி வந்தா இருமி வெளிய தள்ளற உணர்வே போயிடும், நேரா நுரையீரலுக்குப் போகும். மோர், காபி, எலுமிச்சம்பழம் எதுக்கும் இதை இறக்கற சக்தி கிடையாது. குளுக்கோஸ் ஏத்திட்டு நாங்களும் காத்துக்கிட்டுத்தான் இருக்கோம்.” பிறகு என்னைப் பார்த்துக் குரலைத் தணித்து, “ஒரு மணி நேரம் முன்னாடி கொண்டுவந்திருக்கலாமே சார்?” என்றாள். ஒரு மணி நேரம் என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியும். கூடிப் பேசி முடிவெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

விடிந்ததும் அப்பா வந்தார். பண்ருட்டிப் பக்கம் பலாப்பழ வியாபாரம். பையன் கண் திறந்துவிட்டான் என்று தெரிந்ததும் பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். அழுது முடித்து அவர் கேட்ட முதல் கேள்வி, “கள்ளச்சாராயம் எதுவும் இல்லையே சார்? கவர்மென்ட் சரக்குதானே?” கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் மெத்தனால் குடித்து 60 பேருக்கு மேல் செத்ததைத் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிற எவரும் இப்படித்தான் கேட்பார். கவர்மென்ட் சரக்குதான் என்றேன். அவருக்குப் பாதி உயிர் வந்தது. “நானும் சாப்பிடறவன்தான் சார், இல்லேன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா எல்லாத்துக்கும் ஒரு அளவு இருக்குல்ல? முப்பது வருஷமா தினம் ஒரு குவார்ட்டர். அதுக்கு மேல ஒரு சொட்டு தொட்டதில்லை. இந்தப் பயலுக்கு அளவு தெரியலை.”

ஜெனீவா கணக்கை அவரிடம் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஒழுங்கு நடவடிக்கைக் குழு திங்கட்கிழமை கூடியது. குழு என்றால் முதல்வர், இரண்டு துறைத் தலைவர்கள், நான், மிக்சர், டீ. விதி தெளிவாக இருக்கிறது. வளாகத்தில் மது அருந்தியவர், அருந்தத் துணைபோனவர், தெரிந்தும் மறைத்தவர் அனைவரும் இடைநீக்கம். ஆஸ்பத்திரிக்குப் போனவனைத் தவிர, குடித்தவர்கள் எட்டு பேர் என்று எங்களுக்குத் தகவல். அதில் ஏழு பேர், சம்பவத்தன்று தாங்கள் அந்த மாடியிலேயே இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். சாட்சி கிடையாது, மாடியில் கேமராவும் கிடையாது. மாட்டியவன் ஒருவன்தான். கதவைத் தட்டியவன். அவன் தட்டியதற்கு நானே சாட்சி. தானும் குடித்தேன் என்று அவனே ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் சொல்லியிருக்கிறான், அவள் கேட்டபோது எவ்வளவு குடித்தார்கள் என்று சரியான கணக்குக் கொடுத்ததும் அவன்தான். அந்தக் கணக்கு அவளுக்கு உதவியது என்று நான் சொன்னேன். “அது மெடிக்கல் விஷயம், இது டிசிப்ளின் விஷயம்” என்றார் மூத்த துறைத் தலைவர். இரண்டு வாரம் இடைநீக்கம், அப்பாவை அழைத்துவர வேண்டும், பாண்டு பேப்பரில் உறுதிமொழி. அன்றிரவு விடுதி முழுக்க எல்லாருக்கும் பாடம் புரிந்துவிட்டது. என்ன நடந்தாலும் கதவைத் தட்டாதே.

முப்பது வருடத்தில் கடை மாறியது, காசு மாறியது, பாட்டில் மாறியது, கைலி ஜீன்ஸ் ஆனது. பூட்டு மட்டும் அதே வெளிப்பக்கம். ஹாஸ்டல் டே அன்று கரூர்க்காரனைப் பூட்டிவிட்டுப் போனவர்களில் ஒருவன் இப்போது ஒரு மருத்துவமனையின் நிர்வாக அதிகாரி. அவனுக்குப் போன் போட்டு இதைச் சொன்னேன். “நாம பண்ணினதேதான் மச்சான். என்ன, கரூரான் கட்டில்லேர்ந்து விழுந்துட்டான், இவன் விழலை” என்றான். கொஞ்ச நேரம் கழித்து, “விழுந்ததுலதான்டா பொழைச்சான்” என்றான். டிராஃப்டரைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை.

வெளிநாட்டுக் கல்லூரிகள் பலவற்றில் ஒரு விதி இருக்கிறது. மயங்கியவனுக்காக உதவி கேட்டு வருகிறவனையும், மயங்கியவனையும் குடித்ததற்காகத் தண்டிப்பதில்லை. அதை மாதிரியாக வைத்து ஒரே ஒரு வாக்கியம் எழுதி, விடுதி விதிகளில் சேர்க்கச் சொல்லிக் குழுவுக்கு அனுப்பினேன். இதைச் சேர்த்தால் கல்லூரியே குடிக்க அனுமதி கொடுத்த மாதிரி ஆகிவிடும், பெற்றோர் என்ன நினைப்பார்கள் என்றார்கள். வக்கீலின் கருத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். வக்கீல் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார், பிறகு கோடை விடுமுறை வந்தது. இடைக்காலமாகச் சில முன்னேற்றங்கள் நடந்திருக்கின்றன. மாடிகளில் கேமரா வந்துவிட்டது. ஊதிப் பார்க்கும் கருவி ஒன்று வாங்கினோம். ஜூன் 26 போதை ஒழிப்பு நாளன்று மாணவர்கள் பதாகை பிடித்து ஊர்வலம் போனார்கள். வழியில் டாஸ்மாக் இருக்கிறதே என்று யோசித்து, கடை பன்னிரண்டு மணிக்குத்தான் திறக்கும் என்பதால் பத்தரைக்கே ஊர்வலத்தை வைத்துக்கொண்டோம்.

குழுவைக் கேட்காமல் நான் செய்தது ஒன்று. ஒவ்வொரு அறைக் கதவின் உட்பக்கமும் ஒரு தாள் ஒட்டினேன். கூப்பிட்டுப் பதில் இல்லை, மூச்சு மெதுவாக இருக்கிறது, உடம்பு சில்லிட்டிருக்கிறது, உதடு நீலம் என்றால் தனியே விடாதே, ஒருக்களித்துப் படுக்க வை, வாயில் எதையும் ஊற்றாதே, 108-ஐக் கூப்பிடு. கீழே என் நம்பர். வருகிற அழைப்புகள் பெரும்பாலும் ஃபேன் ஓடவில்லை, தண்ணீர் வரவில்லை, பக்கத்து அறையில் பாட்டுச் சத்தம். ஒருவன் நள்ளிரவில் கூப்பிட்டு இன்டர்னல் மார்க் கேட்டான்.

போன மாதம் ஒன்றேகால் மணிக்கு ஒரு போன். தெரியாத நம்பர்.

“சார், பேர் சொல்ல மாட்டேன்.”

“வேண்டாம், சொல்லு.”

“ஒருத்தனை ஒருக்களிச்சுப் படுக்க வச்சிருக்கோம் சார். இடது பக்கமா, வலது பக்கமா?”

“எந்தப் பக்கமா இருந்தாலும் சரி, மல்லாக்க மட்டும் விடாதே. கூப்பிட்டா முனகறானா?”

“முனகறான் சார். கெட்ட வார்த்தை சொல்றான்.”

“நல்லது. பக்கத்துலயே உக்காரு. எந்த ரூம்?”

அந்தப் பக்கம் குசுகுசுவென்று ஆலோசனை நடந்தது. அவர்களும் ஒரு குழுதானே.

“சார், நீங்க மேல வரீங்களா?”

“வரேன்.”

“தனியா வரீங்களா சார், கமிட்டியோட வரீங்களா?”